அப்பாதுரை மகள் சாராள்

அத்தியாயம் 14

கூரியரில் வந்த பாஸ்போர்ட்டைச் சாராள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் அல்லவா? அது நேற்று சாயங்காலம். இன்று புதன்கிழமை. மாலை ஆறு ஐம்பதுக்கு அவளுக்கு விமானம்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு முன், புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வரி. தாம்பரம் சானடோரியத்தில் நர்சிங் படிக்கும் பெண்களின் விடுதி ஒன்றில் பதினோரு வருஷமாகச் சமையல் செய்பவள் சாராள். வேளாங்கண்ணிக்கு அப்பால் எங்கும் போனதில்லை. மூத்தவன் பிரசன்னா மேல்படிப்புக்காக இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊருக்குப் போனான். சைக்கிளில் அறைக்குத் திரும்பும்போது வேன் மோதி அங்கே ஒரு மருத்துவமனையில் கிடக்கிறான். இன்றோடு பத்தொன்பது நாள். கண் திறக்கவில்லை.

சாராளிடம் பாஸ்போர்ட் இருப்பதே அவனால்தான். "என் பட்டமளிப்புக்கு நீ வரணும், முன்வரிசையில உக்காரணும்" என்று கிளம்புவதற்கு முன்பே அவளை இழுத்துப்போய் எடுத்துக் கொடுத்தான். தங்கை ஜாஸ்மினுக்கு அடுத்த தடவை என்று சொல்லியிருந்தான். ஆகவே போகக்கூடியவள் சாராள் ஒருத்திதான். அதுவும் தனியாக, துபாயில் விமானம் மாறி, மான்செஸ்டரில் இறங்கி.

இதுவரை சொன்னது சாராளுக்கும் தெரிந்த விஷயம். ஜாஸ்மினுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு.

சனிக்கிழமை மதியம், சேலையூரில் அவள் வரவேற்பில் உட்காரும் பல் மருத்துவமனைக்கு வெளியே நின்று, லீட்ஸ் டாக்டரின் அழைப்பை எடுத்தாள். அந்த அம்மாள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மூளை இயங்குகிறதா என்று பார்க்கும் இரண்டு பரிசோதனையும் முடிந்துவிட்டது. மூளை நின்றுவிட்டது. நெஞ்சு ஏறி இறங்குவது இயந்திரத்தால். அம்மா வந்து பார்க்கும்வரை எதையும் கழற்ற மாட்டோம், வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்போம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து ஜாஸ்மின் சொன்னது, "அப்படியேதாம்மா இருக்கான். மாத்தம் ஒண்ணும் இல்ல." அவ்வளவுதான்.

அவள் செய்தது சரியா என்று நாம் இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. பதினேழு மணி நேரம், பக்கத்தில் ஒரு தெரிந்த முகம் இல்லாமல், இதைத் தெரிந்துகொண்டு அம்மா எப்படி உட்கார்ந்திருப்பாள்? பிரசன்னாவின் அறைத் தோழன் குமரவேல் மான்செஸ்டருக்கு வந்து அழைத்துக்கொண்டு போவான், அவனே பக்குவமாகச் சொல்லட்டும் என்று ஜாஸ்மின் ஏற்பாடு செய்துவிட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாராளுக்கோ வேறு கவலை. அவளுக்கு இங்கிலீஷ் வராது.

---

அம்மாவும் மகளும் குடியிருக்கும் செம்பாக்கம் மாடிப் போர்ஷனில் பத்து நாளாக நடந்துவரும் பாடம் அது. விடுதிக்குச் சாமான் பட்டியல் எழுதும் நீளமான நோட்டு ஒன்றை எடுத்து, நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் செய்யும் வேலை, வலது பக்கம் அதற்குரிய பொருள் என்று சாராள் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டாள். கேட்ச் என்று இடப்பக்கம். அதற்கு எதிரே பஸ், ட்ரெயின், ஃப்ளைட். மிஸ் என்றால் அதற்கும் அதே மூன்று. புக் என்றால் டிக்கெட், ரூம். ஷோ என்றால் பாஸ்போர்ட். கலெக்ட் என்றால் லக்கேஜ்.

முதல் நாள் பெரிய ரகளை.

"டாக்ஸிய டேக்குன்ற. எடுத்துக்கினு எங்கடி போறது?"

"அது அப்படித்தாம்மா சொல்லணும். டேக் எ டாக்ஸி."

"ஃப்ளைட்டுக்கு போர்டுன்ற. பலகையா?"

"ஏறுறதும்மா. ஏன் எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது. ஜோடியா மனப்பாடம் பண்ணு."

சாராள் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே தலையாட்டினாள். "சரி சரி. சோறு வடிக்கிறோம், கொழம்பு வெக்கிறோம், தோசை ஊத்துறோம், அப்பளம் பொரிக்கிறோம். கொழம்ப ஏன் வெக்கிறன்னு எவளாவது கேட்டா நானும் இன்னா சொல்லுவேன்? அதுக்கு அதான் ஜோடி."

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. நூற்று இருபது பேருக்குச் சாம்பார் கொதிக்கும்போது அடுப்புக்கு எதிரே நின்று போர்ட் த ஃப்ளைட், சேஞ்ச் த ஃப்ளைட், ஆஸ்க் டைரக்ஷன்ஸ் என்று முணுமுணுத்தாள். விடுதிப் பெண்கள் வந்து கேள்வி கேட்டுப் பரீட்சை வைத்தார்கள். கடைசி வருஷம் படிக்கும் சினேகா என்ற பெண் தினமும் பத்து நிமிஷம் உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்தினாள்.

மேக் என்ற வார்த்தைக்கு மட்டும் ஜாஸ்மின் நிறைய எழுதிக் கொடுத்திருந்தாள். மேக் எ புக்கிங். மேக் எ ஜர்னி. மேக் எ கால். எதிரே இடம் மிச்சம் இருந்ததால் மேக் எ மிஸ்டேக்.

ஒன்றை மட்டும் சாராள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"போறதுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்ட. வரதுக்கு?"

"அது அப்புறம் ஃபோன்ல சொல்லித் தரேன்மா. முதல்ல போய்ச் சேரு."

நான்கு நாளில் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இதே பதில். நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் சாராள் மடித்து ஊக்குக் குத்தி வைத்திருந்தாள். ஜாஸ்மின் கை வைத்தபோது, "அது எனக்கு வெச்சுகினு கீறேன், நீ வுடு" என்று இழுத்துக்கொண்டாள். ஏதோ ஜெபம் எழுதியிருப்பாள் என்று ஜாஸ்மின் விட்டுவிட்டாள்.

---

காலை எட்டரை. பெட்டி அடுக்கும் வேலை.

குளிருக்காக விடுதி வார்டன் கொடுத்த கம்பளிக் கோட்டு, பைபிள், ஒரு டப்பா பருப்புப் பொடி. அதன் மேல் பிரசன்னாவின் வெள்ளைச் சட்டையைச் சாராள் கைத்தடம் படாமல் மடித்து வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு அவனுக்கென்று வாங்கி, அனுப்ப வழியில்லாமல் பீரோவில் இருந்தது.

"அங்க ஐஸ் கொட்டுதும்மா. இந்த மெல்லிசுச் சட்டை எதுக்கு?"

"போட்டுக்குவான்."

ஜாஸ்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து உட்காருவான், சட்டை கேட்பான் என்று இவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், நான் வாயை மூடிக்கொண்டு பெட்டிக்கு ஜிப் போடுகிறேன் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"வா, கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்" என்றாள், குரலைச் சரிசெய்துகொண்டு. "நான் கவுண்டர்ல உக்காந்திருக்கேன். நீ வர."

சமையல் மேடைதான் கவுண்டர். சாராள் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து நிமிர்ந்து நின்றாள்.

"குட் ஈவ்னிங் மேடம். ஐ வான்ட் டு செக் இன் மை லக்கேஜ்."

"பாஸ்போர்ட் அண்ட் டிக்கெட் ப்ளீஸ்."

சாராள் இரண்டையும் நீட்டினாள். ஜாஸ்மின் நிஜமான அதிகாரியைப் போல ஒரு கையில் பாஸ்போர்ட்டையும் மறுகையில் டிக்கெட் பிரதியையும் பிடித்து, பெயரைப் பெயரோடு ஒத்துப் பார்த்தாள். விளையாட்டுக்குத்தான் பார்த்தாள்.

பார்த்தவள் டிக்கெட்டை இன்னொரு முறை கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள்.

டிக்கெட்டில் சாராள் தனசிங். பாஸ்போர்ட்டில் சாராள் அப்பாதுரை.

"இன்னாடி அப்டிப் பாக்குற?"

ஜாஸ்மின் டிக்கெட்டை மேடையில் வைத்தாள். பாஸ்போர்ட் ஏஜென்ட் மூலமாக விசாவுக்குப் போயிருந்தபோது, மதிய இடைவேளையில், மருத்துவமனை வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து அவள்தான் டிக்கெட் எடுத்தாள். குடும்பப் பெயர் என்று கட்டம் கேட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறாள்! தாயார் பெயர் என்றால் சாராள் தனசிங். கை யோசிக்காமல் தட்டியது. கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் இனிஷியல் போய்ப் புருஷனின் இனிஷியல் வருவதுதானே வழக்கம். புருஷன் போன பிறகு எந்த இனிஷியல் என்று அவள் யோசித்ததே இல்லை.

தனசிங் இவர்களை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம். இப்போது கோவளத்தில், மீனுக்கு ஐஸ் ஏற்றும் வண்டி ஓட்டிக்கொண்டு இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார். அந்தப் பெயர் இந்த வீட்டில் புழங்குவதில்லை.

"பாஸ்போர்ட்ல தாத்தா பேரா போட்டே?" என்றாள் ஜாஸ்மின்.

"பிரசன்னாதான் கேட்டான், யார் பேரும்மா போடட்டும்னு. வுட்டுட்டுப் போனவரு பேரு எதுக்கு, பெத்தவரு பேரையே போடுன்னேன். ஆதார்லயும் மாத்திக் குடுத்தான். உங்கிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. அண்ணனும் அம்மாவும் சேர்ந்து செய்த ஒரு காரியம் தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஜாஸ்மின் டிக்கெட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். பேர் மாறியிருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சாராள் அழவில்லை. அடுப்பைப் பார்த்தாள், அணைந்திருந்தது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுது இன்னா ஆவப்போவுது? ஃபோன் போடு."

---

விமானக் கம்பெனியின் எண்ணுக்கு நாலு தடவை போட்டு, இருபத்தைந்து நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது. தமிழ் தெரியாது. இங்கிலீஷ் அல்லது இந்தி. ஜாஸ்மின் தன் பல் மருத்துவமனை இங்கிலீஷை எல்லாம் கொட்டினாள்.

அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். ஒரு எழுத்து இரண்டு எழுத்து தவறென்றால் திருத்தலாம், முழுக் குடும்பப் பெயரையும் மாற்றினால் அது வேறு ஆள் என்றாகிவிடும். டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டுப் புதிதாக எடுங்கள். அடுத்த இருக்கை ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை!

டாக்டர் சொன்னது வெள்ளிக்கிழமை. அது ஜாஸ்மினுக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கிற அம்மாவுக்கும் தெரியாது. அம்மா நிற்கையில் அதைப் போனில் சொல்ல முடியாது.

"மேடம், ப்ளீஸ், ப்ளீஸ்..." என்று மட்டும் திரும்பச் சொன்னாள் ஜாஸ்மின்.

பயணி நீங்களா என்று கேட்டாள் அந்தப் பெண். இல்லை, மகள். அப்படியானால் டிக்கெட்டைப் பற்றி மேற்கொண்டு பயணியோடுதான் பேச முடியும் என்றாள்.

"இன்னா சொல்றா?"

"உங்கிட்டதான் பேசுவாளாம்."

சாராள் போனை வாங்கினாள். வார்டன் முன்னால் நிற்பதைப் போல எழுந்து நின்று, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். நோட்டைத் திறக்கவில்லை.

"ஹலோ மேடம். மை நேம் சாராள். ஐ புக்ட் எ டிக்கெட்."

மறுமுனையில் பிறந்த தேதி கேட்டார்கள். அதைச் சொல்லத் தெரிந்திருந்தது. சினேகா சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"ஐ மேட் எ மிஸ்டேக்" என்றாள் சாராள்.

ஜாஸ்மின் நிமிர்ந்து பார்த்தாள். என் மகள் செய்தாள் என்று சொல்லவில்லை. நான் செய்தேன் என்றாள்.

"தனசிங் மை ஹஸ்பண்ட் நேம். அப்பாதுரை மை ஃபாதர் நேம். டூ நேம், ஒன் சாராள். ஒன்லி மீ." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மேடம், மை சன் இஸ் இன் ஹாஸ்பிடல். ஐ வான்ட் டு போர்ட் திஸ் ஃப்ளைட். சண்டே நோ. ஐ கேனாட் மிஸ் திஸ் ஃப்ளைட்."

எந்த ஜோடியும் பிசகவில்லை. அந்தப் பெண்ணும் யாருக்கோ மகளாகத்தான் இருப்பாள். அவள் இப்போது மெதுவாகப் பேசினாள், சாராள் முகம் சுருக்கிக் கேட்டாள், புரியவில்லை என்று தெரிந்ததும் கூச்சப்படாமல் "ப்ளீஸ் டெல் மை டாட்டர்" என்று போனை நீட்டினாள்.

இரண்டு பெயரும் ஒருத்திக்கே உரியது என்று காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும். கல்யாணச் சான்றிதழ் இருந்தால் போதும். மெயிலில் அனுப்புங்கள், மேலதிகாரியிடம் கேட்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜாஸ்மினுக்கு அந்த நிமிஷம் எல்லாம் முடிந்தது என்றே தோன்றியது. அப்பா போன வருஷம் நடந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தைச் சாராள் கொல்லையில் வைத்துக் கொளுத்தினாள். பதினான்கு வயது ஜாஸ்மின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்ச் ஆபீஸ்ல போய்க் கேக்கணும்மா. ரிஜிஸ்டர் பாத்து எழுதித் தர எத்தனை நாள் ஆகுமோ..."

சாராள் பதில் சொல்லாமல் பெட்டியைத் திறந்தாள். பைபிளை எடுத்தாள். அதற்குப் போட்டிருந்த துணி உறைக்குள் விரலை விட்டு, நான்காக மடித்த ஒரு காகிதத்தை இழுத்தாள். மடிப்பு விட்டுப் பழுத்துப்போன சர்ச் சான்றிதழ். மணமகள் சாராள், அப்பாதுரை மகள். மணமகன் தனசிங்.

"நீதான் எல்லாத்தையும் கொளுத்தினியே!"

"ஃபோட்டோவக் கொளுத்தினேன். இது கர்த்தர் முன்னாடி போட்ட கையெழுத்து. இத எப்டிக் கொளுத்துறது?"

அதற்குமேல் அதைப் பற்றிப் பேச அவளுக்கு இஷ்டமில்லை. ஜாஸ்மினும் கேட்கவில்லை. பதினோரு வருஷமாக ஞாயிறுதோறும் அம்மா கையில் ஏந்திப் போன பைபிளுக்குள் அப்பாவின் பெயரும் போய் வந்திருக்கிறது. அதை நினைக்க அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

படம் பிடித்து அனுப்பினாள். பத்தரை ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. கீழ் போர்ஷனில் குடியிருக்கும் குப்புராஜ், கால் டாக்ஸி ஓட்டுபவர், மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, எத்தினி மணிக்கு எடுக்கட்டும் வண்டி? குரோம்பேட்டையாண்ட ட்ராஃபிக் ஒரே பேஜாரா கீது."

"ரெண்டு மணிக்கு எடு" என்றாள் சாராள், மெயில் வந்துவிட்டதைப் போல.

பன்னிரண்டு பத்துக்கு வந்தது. புதிய டிக்கெட். சாராள் அப்பாதுரை என்று இருந்தது. ஜாஸ்மின் அதை மூன்று தடவை எழுத்து எழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அம்மாவிடம் காட்டினாள். சாராள் கண்ணை மூடி உதடசைத்தாள். பிறகு போய் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.

"சாப்புடு. நாலு நாளா நீ துன்றதே இல்ல. பாக்கலன்னு நெனச்சுக்கினு கீறியா?"

---

மீனம்பாக்கத்தில் பயணிகளை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கம்பித் தடுப்போரம் இருவரும் நின்றார்கள். குப்புராஜ் பெட்டியை இறக்கிக் கொடுத்து, "நம்ம புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சுற்றிலும் மாலையும் கையுமாக ஏழெட்டுக் குடும்பம். யாரோ ஒரு பையன் வெளிநாடு கிளம்புகிறான். அவன் அம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். ஜாஸ்மின் அம்மாவை அந்தப் பக்கம் பார்க்கவிடாமல் நகர்ந்து மறைத்து நின்றாள்.

"துபாய்ல இறங்கினதும் என்ன சொல்லணும்?"

"ஐ ஹேவ் டு சேஞ்ச் ஃப்ளைட்ஸ். வேர் இஸ் த கேட்."

"மான்செஸ்டர்ல?"

"கலெக்ட் மை லக்கேஜ். குமரவேலு வெளிய நிப்பான்."

"அவன் கூடவே போ. அவன் என்ன சொன்னாலும்..." ஜாஸ்மின் அம்மாவின் தோள்பை வாரைச் சரிசெய்தாள். "அவன் சொல்றதக் கேளு."

சாராள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோள்பையிலிருந்து நீளமான நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தின் ஊக்கைக் கழற்றி ஜாஸ்மின் கையில் கொடுத்தாள்.

சாராளின் கையெழுத்து இல்லை. குண்டு குண்டாக, சினேகா என்ற அந்த விடுதிப் பெண்ணின் எழுத்து. தமிழ் எழுத்தில் மூன்றே வரி.

சிட் பிசைட் மை சன்.

சே குட்பை.

பிரிங் மை சன் ஹோம்.

ஜாஸ்மின் படித்தாள். மறுபடி படித்தாள். பக்கத்தில் இருந்த குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டு சிரித்தது காதில் விழுந்தது.

"எப்போம்மா?"

"சனிக்கெழம. நீ வந்து மாத்தம் இல்லேன்னு சொன்ன. சொல்லிட்டு மூஞ்சி கழுவப் போயிக் கால் மணி நேரம் பாத்ரூமுல தண்ணியத் தொறந்து வுட்டுகினு இருந்த. ராத்திரி குமரவேலுவாண்ட ஃபோன்ல, அம்மா வர வரைக்கும் வெச்சிருப்பாங்கன்னு மெதுவாப் பேசின. மறுநாளு சினேகாவாண்ட கேட்டேன், மெஷினுல மூச்சு வுடுற புள்ளைய எதுக்கு அம்மா வர வரைக்கும் வெச்சுகினு இருப்பாங்கன்னு. அந்தப் பொண்ணு வாயே தொறக்கல. அழுதுச்சு. நர்சு படிக்கிற பொண்ணு ஏன் அழுவுதுன்னு எனக்குத் தெரியாதா?"

வெள்ளைச் சட்டை ஜாஸ்மினுக்கு இப்போது புரிந்தது. போட்டுக்குவான் என்றாளே. யார் போட்டுவிடப் போகிறார்கள் என்பதும் புரிந்தது. அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் வராமல் குலுங்கினாள்.

"ஏம்மா சொல்லல?"

"நீ எனக்காகத் தூக்கிக்கினு இருந்த. உன்னாண்டருந்து புடுங்க மனசு வரல." சாராளின் குரலும் இப்போதுதான் இடறியது. "இத மட்டும் உங்கிட்ட கேட்டுக் கத்துக்க முடியல. உன் வாயால அத எப்டிச் சொல்ல வெக்கிறது?"

இரண்டு நிமிஷம் அப்படியே நின்றார்கள். கதவருகே இருந்த காவலர் இவர்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாராள்தான் முதலில் விலகினாள். மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு, நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், செய்வியா?"

"சொல்லும்மா."

"கோவளத்துக்குப் போ. இன்னிக்கே போ. உங்கப்பாவாண்ட நேர்ல சொல்லு."

ஜாஸ்மின் முகம் இறுகிப்போனது. "அந்த ஆளுக்கு எதுக்கும்மா? பத்தொன்பது நாளா நமக்கு யார் இருந்தா? பதினோரு வருஷமா யார் இருந்தா?"

"எனக்காகச் சொல்லல. பிரசன்னாவுக்கு அவரு அப்பன். சவப்பெட்டிய எறக்கும்போது வேற எவனோ சொல்லித் தெரியக்கூடாது. நான் பேசணும், என்னால முடியாது. நீ போ."

"நான் அவர் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"தெரியும். அதான் கேக்குறேன்."

அதற்குமேல் அவள் கெஞ்சவில்லை. பெட்டியின் கைப்பிடியை இழுத்தாள். வரிசையில் போய் நின்றாள். காவலர் கை நீட்டினார். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கொடுத்தாள். அவர் பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார். ஜாஸ்மின் கம்பித் தடுப்பின் மேலாக எட்டிப் பார்த்தாள். காவலர் தலையசைத்தார்.

சாராள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பதினோரு வருஷம் பெரிய அண்டாக்களைத் தூக்கிய தோள், ஒரு பக்கம் சரிந்தே இருந்தது.

---

ஜி.எஸ்.டி. சாலை பஸ் நிறுத்தத்தில் ஜாஸ்மின் உட்கார்ந்திருந்தாள். தாம்பரம் போகும் பஸ் மூன்று வந்து போய்விட்டது. தாம்பரத்தில் இறங்கினால் செம்பாக்கத்துக்கும் போகலாம், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்கும் போகலாம். எங்கே போவது என்று தெரியாமல் ஏறுவதற்கு அவளுக்குக் கால் எழவில்லை.

ஐந்தே கால் மணிக்குப் போன் அடித்தது.

"லக்கேஜ் குடுத்துட்டேன். போர்டிங் பாஸ் வாங்கிட்டேன். எல்லாம் முடிஞ்சி உக்காந்துகினு கீறேன்" என்றாள் சாராள். பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ விமானங்களின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். "கவுண்டர்ல இருந்த பொண்ணு நல்ல பொண்ணு. எதுக்குப் போறீங்கம்மான்னு தமிழ்லயே கேட்டுச்சு."

"என்ன சொன்னே?"

"எம்புள்ளைய வூட்டுக்குக் கூட்டியாறப் போறேன்னேன்."

ஒரு லாரி கடந்து போனது.

"நீ எங்க கீற? பஸ் ஏறிட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"ஏறு" என்றாள் சாராள். "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரு." போனை வைத்துவிட்டாள்.

நாலாவது பஸ் வந்தது. ஜாஸ்மின் ஏறினாள். தாம்பரத்தில் இறங்கி, ஸ்டாண்டில் கேளம்பாக்கம் வழி என்று எழுதியிருந்த பஸ்ஸுக்கு முன்னால் நின்றாள். உள்ளே பாதி இருக்கை காலி. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே ஸ்டாண்டில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் அவளும் நின்றது ஞாபகம் வந்தது. அன்று பஸ் ஏறிப் போனவர் அப்பா மட்டும்தான்.

கண்டக்டர் வந்து நின்றார்.

"எங்கம்மா போவணும்?"

ஜாஸ்மின் பர்ஸைத் திறந்தாள். மேலே, விமான நிலையத்துப் பக்கமிருந்து ஒன்று எழும்பி, தாம்பரத்தின் மேலாக இரைந்துகொண்டு போனது. அம்மாவுடையது இல்லை, அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இருந்தாலும் அது கண்ணுக்கு மறையும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"கோவளம் ஒண்ணு" என்றாள்.